செருப்போடு தூங்கிய பிள்ளை

சீதா டீச்சர் நாவல் எழுதுகிறாராம் என்ற செய்தி வத்தேகமவில் பரவியபோது பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர் நம்பினார்கள். ஆனால் மனுசிக்கு ஏதோ ஆகிவிட்டது என்பதையும் சேர்த்தே நம்பினார்கள். பின்னே என்ன? தோட்டப் பாடசாலையில் காலமெல்லாம் பிரம்பு பிடித்த டீச்சர், தலை நரைத்த பிறகு சொந்த வீட்டுக்குள் முழங்காலில் நடந்து திரிந்தால் ஊர் வேறு என்னதான் நினைக்கும்? கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு பஸீஹா, சாப்பாட்டு மேசைக்கு அடியில் டீச்சரின் தலையைக் கண்டு அலறியே விட்டாள்.

"ஒண்ணுமில்ல பஸீஹா. ஏழு வயசுப் புள்ளைக்குக் கண்ணு எந்த மட்டத்துல இருக்கும்னு பாக்குறேன்," என்று மேசைக்கு அடியிலிருந்தே பதில் வந்தது, ஏதோ மல்லி காயவைக்கிறேன் என்பது மாதிரி. "இங்க இருந்து பாத்தா உன் மொகமே தெரியல. கையும் இடுப்பும் மட்டுந்தான் தெரியுது."

பஸீஹா கறிவேப்பிலையை மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

இதையெல்லாம் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த யசோதினிக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த ஏழு வயதுப் பிள்ளை என்று அவளுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் யாரும் எதையும் சொல்வதும் கிடையாது, கேட்பதும் கிடையாது.

யசோதினி, சீதாவின் அக்கா நல்லம்மாவின் மகள். அக்காளும் தங்கையும் ஹுன்னஸ்கிரிய தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில் பிறந்தவர்கள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வடக்கே வன்னிக்குப் போய், காடு வெட்டிக் குடியேறிய குடும்பம் ஒன்றில் நல்லம்மா வாழ்க்கைப்பட்டாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு தாயும் மகளும் மட்டும்தான். போரின் கடைசிச் சண்டை வந்தது. எல்லாரோடும் சேர்ந்து அவர்களும் ஓடினார்கள். ஓட்டம் முடிந்தபோது மகள் மட்டும் முள்ளுக்கம்பி போட்ட முகாமில், யாரோ ஒரு யாழ்ப்பாணத்து மாமியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

முகாமுக்குப் போய் அவளைக் கூட்டி வந்தவர் சீதாவின் புருஷன், சித்தப்பா ராஜலிங்கம். தபால்காரர். தெருமுனையில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் ஆள் வெளியே வரும், அப்பேர்ப்பட்ட தொண்டை. அந்தத் தொண்டைக்காரர் முகாம் வாசலில் அந்த மாமியோடு ஒதுங்கி நின்று, காதோடு காதாக வெகுநேரம் பேசியதை யசோதினி பார்த்தாள். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், பிள்ளையின் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே சட்டம் போட்டார்.

"புள்ளகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கப்படாது. கேட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்."

ஒருவரும் கேட்கவில்லை. தோட்டத்துச் சொந்தக்காரர்கள் வந்து, "அம்மா கடைசியில எப்பிடிம்மா…" என்று வாயெடுத்தால் போதும், சித்தப்பா இருமுவார். சாதாரண இருமலா அது? முற்றத்து நாய் எழுந்து ஓடும். வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இப்படியே வருடங்கள் ஓடின. மலைநாட்டு வீடுகளில் துக்கத்துக்குக் காட்டுகிற மரியாதை இதுதான். புண்ணைத் தொடாமல் இருப்பதே பெரிய அன்பு என்று அவர்களுக்கு நினைப்பு.

ஆனால் அந்தப் பிள்ளை அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று யார் யோசித்தார்கள்? மாமி எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் சொல்லிவிட்டாள், எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, தெரிந்ததனால்தான் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டது. 

தெரிந்தது என்றால் எது? ஓடுகிற வழியில் யசோதினியின் ஒற்றைச் செருப்பு சேற்றில் கழன்றது. அவள் செருப்பு வேண்டும் என்று அழுதாள். தாய் அதை எடுக்கத் திரும்பிப் போனாள். அந்தப் பக்கம் செல் குண்டு விழுந்தது. தாய் வரவில்லை. அவ்வளவுதான். அம்மாவைக் கொன்றது செல் இல்லை, தன் அழுகை என்று அன்றைக்கே அந்தப் பிள்ளை தீர்மானித்துவிட்டது. அக்காவைக் கொன்ற பிள்ளைக்குச் சித்தி சோறு போடுகிறாள், தலை வாரிவிடுகிறாள், ஒரு வார்த்தை கேட்காமல் இருக்கிறாள் என்று நினைத்து நினைத்தே அவள் வளர்ந்தாள்.

வந்த புதிதில் அவள் செருப்போடுதான் தூங்குவாள். கழற்றப் போனால் காலை இழுத்துக்கொள்வாள். சித்தி ஒருநாளும் கழற்றச் சொன்னதில்லை. பிள்ளை கட்டிலில் ஏறியதும் ஈரத்துணியோடு வந்து, செருப்பின் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டுப் போர்வையை மூடிவிட்டுப் போவாள். இப்போது யசோதினி பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். செருப்போடு தூங்குவதில்லை. ஆனால் கொக்கி போட்டு இறுக்கிய செருப்பைத் தவிர வேறு எதையும் அவள் காலில் போட்டு யாரும் கண்டதில்லை. குளியலறைக்குக்கூட அதுதான்.

இந்த நிலையில்தான் சித்தி நாவல் எழுதினாள். ஒரு சனிக்கிழமை காலை, வேலை இல்லாத நாள், யசோதினியின் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு தாள்கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அச்சகத்துப் புரூப். மேலே 'இடுப்பளவு உயரம்' என்று போட்டிருந்தது.

"படிச்சுப் பாரு," என்றாள் சித்தி, சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு. "புடிக்கலன்னா என்கிட்ட சொல்ல வேணாம். கண்டிக்குப் போயி முனாஸ்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. நிப்பாட்டிருவாரு. அவருகிட்ட சொல்லி வச்சிருக்கேன். திங்கக்கெழம அடிக்கப் போறாங்க."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவ ஆரம்பித்தாள். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது.

பாருங்களேன் இந்தக் குடும்பத்தை! பெற்றவளுக்குச் சமமாக வளர்த்தவள். ஒரே கூரை, ஒரே குசினி. 'உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், உனக்குச் சம்மதமா' என்று நேராகக் கேட்க நா எழவில்லை. பதிலைக் கண்டியில் இருக்கிற அச்சகக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டுமாம்.

யசோதினிக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. இவ்வளவு நாளாய் மூடி வைத்ததை ஊரெல்லாம் வாசிக்கக் கொடுக்கப் போகிறார்களா? பஸீஹா வாசிப்பாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற பிள்ளைகள் வாசிப்பார்கள். 'ஓ, செருப்புக்காக அழுதது நீதானா' என்று பார்ப்பார்கள். தாளைப் பிரிக்கக்கூட இல்லை. பையில் திணித்துக்கொண்டு, செருப்புக் கொக்கியை ஒருமுறை இறுக்கிக்கொண்டு, பஸ்ஸுக்குப் போனாள். நிப்பாட்டத்தான் போனாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

மடவளையில் பஸ் நின்றது நின்றதுதான். சனிக்கிழமைக் கூட்டம், முன்னால் ஒரு லொறி திரும்ப முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்போம், என்னதான் எழுதித் தொலைத்திருக்கிறாள் என்று பார்ப்போம் என்று யசோதினி தாளைப் பிரித்தாள்.

'சின்னவளுக்குச் சண்டை கால்களில்தான் தெரிந்தது. பெரியவர்களின் கால்கள் நடந்தால் அது நேற்று மாதிரி ஒரு நாள். கால்கள் ஓடினால் அவளும் ஓட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்பதற்கு முகம் வேண்டும், முகங்கள் எல்லாம் மிக உயரத்தில் இருந்தன.'

யசோதினி அதை மறுபடி வாசித்தாள். இது எப்படி? இப்படித்தானே இருந்தது! கால்கள். சேற்றுக் கால்கள், கட்டுப் போட்ட கால்கள், ஒற்றைக் கால்கள். அந்த நாட்களில் பார்த்த ஒரு முகம்கூட அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. அதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் இருந்தது, இத்தனை பேரோடு ஓடியும் ஒரு முகம் நினைவில் இல்லையே என்று. மேசைக்கு அடியில் முழங்காலில் நின்று சித்தி அதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

லொறி திரும்பியது. பஸ் கிளம்பியது. யசோதினி தலையை நிமிர்த்தவில்லை.

அந்த நாவலில் விமானம் இல்லை, தலைவர்கள் இல்லை, யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே இல்லை. இடுப்பு உயரத்தில் என்ன தெரிகிறதோ அது மட்டும் இருந்தது. அம்மாவுக்குக்கூட முகம் இல்லை. அம்மா ஒரு கை. வெங்காய வாசம் அடிக்கிற, நகக்கண்ணில் மண் இருக்கிற, பிடித்தால் வலிக்கிற ஒரு கை. பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் சின்னவள் எறும்புகளுக்குப் பெயர் வைத்துப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். கஞ்சி வரிசையில் பெரிய மனுசிகளின் இடுப்புகளுக்கு நடுவே ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்து, உரசிக்கொண்டே முன்னால் போய்விடுகிறாள். திட்டு விழுகிறது. திட்டை வாங்கிக்கொண்டு கஞ்சியையும் வாங்கிக்கொண்டு வருகிறாள். அந்த இடத்தில் யசோதினிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டு மனுசி திரும்பிப் பார்த்தாள்.

பிறகு சின்னவள் திருடினாள். பக்கத்துப் பங்கரில் ஒரு கைக்குழந்தைக்கு வைத்திருந்த பிஸ்கட். யசோதினி பக்கத்தைத் திருப்பினாள். 'பாவம், பசி' என்று சித்தி பரிந்து பேசியிருப்பாளோ, அல்லது 'தப்பு' என்று டீச்சர்த்தனத்தைக் காட்டியிருப்பாளோ என்று பயந்துகொண்டு வாசித்தாள். இரண்டும் இல்லை. 'பிஸ்கட் இனித்தது. குழந்தை அழுதது. சின்னவள் விரலை நக்கினாள். குழந்தை இன்னும் அழுதது. சின்னவள் அடுத்த விரலை நக்கினாள்.' அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அந்தப் பிள்ளையை நல்ல பிள்ளையாக்கவும் இல்லை, கெட்ட பிள்ளையாக்கவும் இல்லை. உயிரோடு இருக்கிற பிள்ளையாக விட்டிருந்தாள்.

இதெல்லாம் சித்திக்கு யார் சொன்னது? வன்னி மண்ணை மிதிக்காதவள். கிளிநொச்சி எங்கே என்று கேட்டால் வடக்கே கையைக் காட்டத்தான் தெரியும். யசோதினிக்கு மெதுவாக விளங்கியது. வந்த புதிதில் பஸீஹாவின் கைக்குழந்தை ஆஸிகாவுக்கு வைத்திருந்த ரஸ்க்கைத் திருடித் தலையணைக்குக் கீழே ஒளித்து வைத்தாள். சித்தி தலையணையைத் தூக்கினாள், பார்த்தாள், மறுபடி வைத்துவிட்டாள். மறுநாள் அங்கே கூட ஒரு ரஸ்க் இருந்தது. அந்த ரஸ்க்தான் இந்த பிஸ்கட். அந்த நாட்களில் யசோதினி வீட்டிலிருந்த போத்தல்களிலெல்லாம் தண்ணீர் பிடித்து வைப்பாள். சுவரில் முதுகு சாயாமல் உட்கார மாட்டாள். பட்டாசு வெடித்தால் மற்றவர்களின் காலைப் பார்ப்பாள். ஒரு கேள்வி கேட்காமல், இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்து, வத்தேகமவில் ஒரு வீட்டுக்குள் நடந்ததிலிருந்து ஒரு முழுச் சண்டையையே அந்த மனுசி கட்டி எழுப்பியிருக்கிறாள்! அடேயப்பா சித்தி என்று யசோதினிக்கு வாய்விட்டுச் சொல்லத் தோன்றியது.

ஒரே ஒரு இடத்தில்தான் இடித்தது. சின்னவள் செருப்போடு தூங்குகிறாள். 'எழுப்பினால் உடனே ஓடலாம் என்பதற்காக' என்று எழுதியிருந்தது. யசோதினியின் முகம் மாறிவிட்டது. அதுவா காரணம்? தெரிந்துகொண்டே மறைக்கிறாள் பார். மற்ற எல்லாவற்றையும் உடைத்து எழுதிவிட்டு, இதற்கு மட்டும் துணி போட்டு மூடுகிறாள். இறங்கியிருந்த கோபம் மறுபடி ஏறியது.

"நங்கி! கண்டி!" என்று, 'தங்கச்சி' என்பதைச் சிங்களத்தில் சொல்லி, கண்டக்டர் தலைக்கு மேலே கத்தினான். பஸ்ஸில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

முனாஸின் அச்சகம் பெரிய தெருவிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இருந்தது. கல்யாணக் கார்டுகளுக்கும் விளம்பரத் துண்டுகளுக்கும் நடுவே, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவர் நின்றார். யசோதினி வாசலில் கால் வைத்தபடியே சொன்னாள்.

"சித்தியோட புத்தகத்த நிப்பாட்டிருங்க."

முனாஸ் திரும்பினார். கண்ணாடியைக் கீழே இறக்கி அவளைப் பார்த்தார்.

"சரி மகள். நிப்பாட்டுறன். டீச்சர்ட வார்த்த அது, நான் மீற மாட்டன்." மெசினுக்குப் பக்கத்தில் அட்டைத் தாள்கள் அடுக்கியிருந்தன. அதன்மேல் ஒரு துணியை எடுத்துப் போட்டார். "முழுசா வாசிச்சீங்களா?"

"கடைசி அத்தியாயம் வாசிக்கல."

"யா அல்லாஹ்! வாசிக்காம எப்பிடி மகள் நிப்பாட்டுற? ஒரு கல்யாணக் காட்டக்கூட நான் வாசிக்காம அடிக்கிறல்ல, மாப்பிள்ளட பேர் மாறிப் போயிரும்." ஒரு கதிரையை இழுத்துத் தூசு தட்டிப் போட்டார். "நான் எத்தினையோ புத்தகம் அடிச்சீக்கேன். மைய பார்ப்பன், தாள பார்ப்பன், உள்ளுக்கு என்ன இரிக்கு எண்டு பார்க்கிறல்ல. இத மட்டும் வாசிச்சன். வாசிச்சிட்டு ஊட்டுக்குப் போய் எண்ட பேத்திய தூக்கி வச்சிட்டு இருந்தன், இறக்கி உடவே மனசு வரல்ல. இருந்து அதையும் வாசிங்க. பொறகு நிப்பாட்டச் சொல்லுங்க, கண்ண மூடிட்டு நிப்பாட்டுறன்."

யசோதினி உட்கார்ந்தாள். கடைசி அத்தியாயம் நீளமில்லை.

'சின்னவளின் ஒற்றைச் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொண்டது. அவள் வாயே திறக்கவில்லை. வெறுங்காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆனால் அம்மாவின் கை நின்றுவிட்டது. அந்தக் கை கீழே இறங்கி வந்து அவளுடைய பாதத்தைத் தடவிப் பார்த்தது. "இந்த மாமியோட போ. இந்தா வாறேன்," என்று மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. சின்னவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கால்கள் வந்தன, இடுப்புகள் வந்தன, நிறையக் கைகள் வந்தன. அந்தக் கை வரவில்லை.'

யசோதினியின் காதில் மெசின் சத்தம் கேட்கவில்லை. சேறு, மாமி, 'இந்தா வாறேன்'. எல்லாம் அப்படியே. அம்மா சொன்ன அதே சொல். அப்படியென்றால் மாமி சித்தப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொல்லித்தான் இருக்கிறாள். ஆனால் இது என்ன, 'அவள் வாயே திறக்கவில்லை'? பச்சைப் பொய். இரக்கப்பட்டுப் போட்ட பொய். இரக்கத்தைப் போல அவளுக்கு எரிச்சல் தருவது வேறொன்றும் இல்லை.

"என்ன மகள், நிப்பாட்டவா?"

"அடிக்கவும் வேணாம், நிப்பாட்டவும் வேணாம். வந்து சொல்றேன்," என்று தாளைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாள். போகிற வழியில் கதிரையைத் தட்டிவிட்டாள். அதை நிமிர்த்தவும் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சித்தி குசினியில் பலகைக்கட்டையில் உட்கார்ந்து இன்னொரு தேங்காயைத் துருவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் எத்தனை கறிக்குத் தேங்காய் தேவைப்பட்டதோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். சித்தப்பா முன்னறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். யசோதினி செருப்போடு நேரே குசினிக்குள் போய்ச் சித்தியின் முன்னால் நின்றாள்.

"எல்லாத்தையும் உண்மையா எழுதிட்டு, அந்த எடத்துல மட்டும் ஏன் சித்தி பொய் எழுதுனீங்க?"

"எந்த எடத்துல?"

"செருப்பு கழண்ட எடத்துல. நான் வாயே தொறக்கலயா? நான் கத்துனேன் சித்தி. செருப்பு வேணும், செருப்பு வேணும்னு சேத்துல உக்காந்து கத்துனேன். அதனாலதான் அம்மா திரும்பிப் போனாங்க. உங்களுக்குத் தெரியாதா? மாமி சித்தப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னாங்கதானே? நான்தான் அம்மாவக் கொன்னேன்னு தெரிஞ்சுதானே இந்த வீட்டுல ஒருத்தரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?"

துருவுபலகையில் சித்தியின் கை நின்றுவிட்டது. அவள் யசோதினியை அண்ணாந்து பார்த்தாள்.

"செருப்புக்கா?" என்றாள். "எங்கக்கா… செருப்புக்கா திரும்பிப் போனா?"

முன்னறையில் ரேடியோ நின்றது.

அந்தக் கேள்வியைக் கேட்ட விதத்திலேயே யசோதினிக்குத் தெரிந்துவிட்டது. சித்திக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் தெரிந்திருக்கவில்லை. அக்கா எப்படிச் செத்தாள் என்பதை அவள் இப்போதுதான், இந்த நிமிடம்தான், தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள்.

"அந்தம்மா செருப்பப் பத்தி ஒண்ணுமே சொல்லலம்மா," என்றார் சித்தப்பா, குசினி வாசலில் வந்து நின்று. அவருடைய தொண்டையா அது என்று சந்தேகமாக இருந்தது. "'தாய் செல்லடியில செத்திட்டா. பிள்ளை ஒண்டும் கதைக்குதில்லை. கேட்டுக் கரைச்சல் குடுக்காதேங்கோ' அப்பிடின்னாங்க. அம்புட்டுத்தான். பிறகு உனக்கு என்ன சாப்பாடு ஒத்துக்கும், ராத்திரி எப்பிடி எந்திரிப்ப, அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. அதனாலதான் நான் யாரும் கேக்கப்படாதுன்னு… நல்லதுன்னு நெனச்சுத்தான்…"

"அப்ப இத எப்பிடி எழுதுனீங்க?" யசோதினி தாளை நீட்டினாள். "அம்மா சொன்னது இதேதான். 'இந்தா வாறேன்'. இதேதான் சொன்னாங்க."

சித்தி தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள், முகத்தைத் துடைத்தாள், மறுபடி கையைத் துடைத்தாள்.

"அவ எப்பயும் அப்பிடித்தான் சொல்லுவா," என்றாள். "எனக்கு மொதமொதல்ல செருப்பு வாங்கிக் குடுத்தது ஒரு தீவாளிக்கு. தோட்டத்துல எந்தப் புள்ள காலுல அப்ப செருப்பு இருந்துச்சு? பள்ளிக்கூடம் விட்டு வரயில ஓடைல ஒண்ணு போயிருச்சு. நல்ல மழத் தண்ணி. நான் அழல. பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு, அப்பா தோல உரிச்சிருவாரேன்னு. வாயே தொறக்காம நின்னேன். அக்கா என் காலத் தொட்டுப் பாத்தா. 'நீ மாமியோட போ, இந்தா வாறேன்'னு சொல்லிட்டுத் தண்ணியோட எறங்கி ஓடிட்டா. யாரு கேட்டா அவள? பொழுது சாயறப்ப வந்தா. காலெல்லாம் அட்ட கடிச்சு ரெத்தம். கையில என் செருப்பு. அப்பா அவளத்தான் போட்டு அடிச்சாரு. சிரிச்சுக்கிட்டே அடி வாங்குனா."

சித்தியின் குரல் உடைந்தது. அதைச் சரிசெய்ய அவள் முயலவும் இல்லை.

"அக்கா எப்பிடி செத்திருப்பான்னு எத்தனையோ விதமா எழுதிப் பாத்தேன். கஞ்சி வரிசையில எழுதுனேன். பங்கருக்குள்ள எழுதுனேன். ஒண்ணுலயும் எங்கக்கா இல்ல. யாரோ ஒரு பொம்பள செத்துக் கெடந்தா. கடைசியில எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு இத எழுதுனேன். இதுல அவ இருந்தா. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சத்தியமா வேற ஒண்ணும் தெரியாது."

"ஆனா நான் அழுதேன் சித்தி."

"அழாம நின்னவளுக்கே போனாளே!" சித்திக்குக் கோபமே வந்துவிட்டது. "வாயத் தொறக்காத எனக்கே அந்தத் தண்ணியில எறங்குனா. பெத்த புள்ள வெறுங்காலோட நிக்கிறத பாத்துட்டு சும்மா போவாளா? நீ கத்துனாலும் போயிருப்பா, கத்தலன்னாலும் போயிருப்பா. அவள யாரு நிப்பாட்டுறது? எங்கப்பனாலயே முடியல. ஏழு வயசுல நீ என்னாடி பெரிய ஆளு, எங்கக்காவப் போக வச்சதுக்கு?"

யசோதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழு வயதில் சேற்றில் உட்கார்ந்த மாதிரி, அதே போல வாய்விட்டு அழுதாள். இத்தனை வருடம் அந்த வீட்டில் அவள் சத்தம் போட்டு அழுததே இல்லை. சித்தப்பாவுக்குப் பழக்க தோஷத்தில் இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அதை விழுங்கினார். பக்கத்து வீட்டு ஜன்னலில் பஸீஹாவின் தலை தெரிந்தது, பிறகு மரியாதையாக மறைந்தது.

அழுது முடிய வெகுநேரம் பிடித்தது. முடிந்ததும் யசோதினி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கசங்கிப்போன கடைசிப் பக்கத்தைத் தரையில் வைத்து நீவினாள்.

"ஒண்ணு மட்டும் மாத்துங்க சித்தி. அந்தப் புள்ள அழட்டும்."

"அழட்டுமா?"

"நல்லா கத்தட்டும். ஏழு வயசுப் புள்ள செருப்புப் போனா கத்தாதா? கத்துறத எழுதுங்க. அதுக்குப் பிறகு அம்மா காலத் தொட்டுப் பாத்துட்டுப் போகட்டும். நீங்க எழுதின மாதிரியே."

சித்தி தலையாட்டினாள். பலகைக்கட்டையிலிருந்து எழ முயன்றாள், முடியவில்லை. இத்தனை மாதம் முழங்காலில் நடந்ததன் பலன். எழுவதை விட்டுவிட்டு அப்படியே தரையில் இறங்கி, முழங்காலில் நகர்ந்து வந்து யசோதினியின் எதிரே உட்கார்ந்தாள். இப்போது இருவரின் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. சித்தி ஏதோ கேட்க வாயெடுத்தாள். பழக்கத்தில் நிறுத்தினாள். வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தாள். சட்டம் போட்ட மனுசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்தச் செருப்பு என்ன கலரும்மா?" என்று கேட்டாள் சித்தி.

அந்த ஓட்டத்தைப் பற்றி அந்த வீட்டில் அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

"நீலம்," என்றாள் யசோதினி. வன்னியிலிருந்து கொண்டுவந்து, பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று மறைத்து வைத்த பேச்சு அவளுக்குத் தெரியாமலே வாயில் வந்தது. "நீலச் செருப்பு. வார் மட்டும் வெள்ளை. அம்மாதான் வாங்கித் தந்தவ. எனக்குக் கொஞ்சம் பெரிசு. வளருற பிள்ளை எண்டு பெரிசா வாங்கினவ. அதுதான் கழண்டது."

சித்தப்பா முன்னறைக்குப் போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குசினிக்கு நடுவில் போட்டு உட்கார்ந்தார்.

"எந்தக் கடையில வாங்குனா?" என்றார், ஊரைக் கூப்பிடுகிற அந்தத் தொண்டையை முடிந்தவரை சின்னதாக்கிக்கொண்டு.

யசோதினி முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். "சொல்றன்," என்றாள். "முதல்ல இருந்து சொல்றன்."

கண்டியில் முனாஸ், வந்து சொல்கிறேன் என்று போன பிள்ளையின் பதிலுக்காக மெசினை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இருட்டுவதற்குள் இரண்டு தடவை போன் கோல் எடுத்தும் பார்த்தார். அந்த வீட்டில் போன் அடித்தது ஒருவருக்கும் கேட்கவில்லை.